விண்வெளியில் வேலை: தாம்பரம் முதல் வல்லம் வடகால் வரை

விண்வெளி வீரர் வேலைக்கு முதன்முதலில் ஆள் எடுத்தவர்கள் விமானிகளைத்தான் தேடிப் போனார்கள். 1959 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்த ஏழு பேரும் ராணுவச் சோதனை விமானிகள். மறு ஆண்டு சோவியத் ஒன்றியம் தேர்ந்தெடுத்த இருபது பேரும், யூரி ககாரின் உட்பட, ராணுவ விமானிகளே. விண்கலம் மேலே எப்படி நடந்துகொள்ளும், மனித உடல் எடையின்மையை எவ்வளவு நேரம் தாங்கும் என்று எவருக்கும் தெரியாத காலம் அது. முன்பின் பழகாத இயந்திரத்தில் ஏறி, பதறாமல் அதன் குணத்தைக் கவனித்து, இறங்கி வந்து அறிக்கை எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் சோதனை விமானிகள்தான். ஆராய்ச்சி அப்போது இரண்டாம் பட்சம். போனவர் உயிரோடு திரும்புவதே பெரிய ஆராய்ச்சி முடிவாக இருந்தது.

இந்த நிலை விரைவிலேயே மாறியது. 1964 அக்டோபர் 12 அன்று கிளம்பிய வோஸ்கோத் 1 கலத்தில் விமானி விளாதிமிர் கமரோவுடன் கான்ஸ்டன்டின் ஃபியோக்திஸ்தோவ் என்ற பொறியாளரும் போரிஸ் யெகோரோவ் என்ற மருத்துவரும் போனார்கள். ஃபியோக்திஸ்தோவ் அந்தக் கலத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். தான் வரைந்த இயந்திரத்தில் தானே ஏறிப் பார்த்த முதல் விண்வெளிப் பொறியாளர் அவர். அடுத்த ஆண்டு நாசா ஆறு விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் விமானம் ஓட்டத் தெரியாதவர்களை முதலில் விமானப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலைகளைக் கொடுத்தது. விமானி அல்லாதவரை நம்ப அந்த அமைப்புக்கு அவ்வளவு தயக்கம். அந்த ஆறு பேரில் ஒருவரான ஹாரிசன் ஷ்மிட் என்ற புவியியலாளர் 1972 டிசம்பரில், அப்பல்லோ வரிசையின் கடைசிப் பயணத்தில்தான் நிலவில் கால் வைக்க முடிந்தது. நிலவின் கற்களைப் பொறுக்கப் போன பன்னிரண்டு பேரில் கற்களைப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

விண்வெளியில் வேலை செய்வது என்றால் என்ன என்பது 1973-இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. மே 14 அன்று ஏவும்போதே நிலையத்தின் காப்புத் தகடு பிய்ந்து போனது. ஒரு சூரியத் தகடு கழன்று விழுந்தது. இன்னொன்று ஓர் உலோகப் பட்டையில் சிக்கி விரியாமல் நின்றது. உள்ளே வெப்பம் ஏறியது, மின்சாரம் போதவில்லை. பதினொரு நாள் கழித்துப் போன முதல் குழு, நிலையத்தின் சிறு துவாரம் வழியாகக் குடை போன்ற ஒரு திரையை வெளியே நீட்டி விரித்து நிழல் தந்தது. ஜூன் 7 அன்று பீட் கான்ராடும் மருத்துவரான ஜோசஃப் கெர்வினும் வெளியே போய், நீண்ட கோலின் முனையில் பொருத்திய வெட்டுக்கருவியால் அந்தப் பட்டையை அறுத்துச் சூரியத் தகட்டை விடுவித்தார்கள். ஆராய்ச்சிக்கூடம் ஓட வேண்டுமானால் முதலில் அதைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும் என்ற பாடம் அன்று கிடைத்தது.

அதே ஸ்கைலாபில் வேலைநேரப் பிரச்சினையும் வந்தது. 1973 நவம்பரில் போன மூன்றாம் குழுவின் மூவருக்கும் அதுவே முதல் பயணம். தரைக்கட்டுப்பாடு அவர்களுக்கு முந்தைய குழுவின் வேகத்தில் வேலை அட்டவணை போட்டது. சாப்பிடும் நேரத்திலும் ஓய்வு நாளிலும் பணி நுழைந்தது, குழு பின்தங்கியது. டிசம்பர் கடைசியில் இரு தரப்பும் மனம்விட்டுப் பேசின. வழக்கமான சில்லறை வேலைகளை எப்போது முடிப்பது என்பது குழுவின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதன்பின் வேலை சீராக நடந்தது. குழு ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தது என்று பின்னாளில் பரவிய கதை மிகைப்படுத்தல். ஆனால் திட்டம் போடுபவர் ஓரிடத்திலும் கை வைப்பவர் இன்னோரிடத்திலும் இருக்கும்போது என்ன நடக்கும் என்பது, சென்னை அருகே ஒரகடத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு விளக்காமலே புரியும். இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஒவ்வொருவரின் நாளும் ஐந்து நிமிடக் கூறுகளாகப் பிரித்துத் திட்டமிடப்படுகிறது. திரையில் ஒரு சிவப்புக் கோடு நேரத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும்; வேலை அதற்குப் பின்தங்கினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தசையும் எலும்பும் தேயாமலிருக்க நாளுக்குச் சுமார் இரண்டு மணி நேர உடற்பயிற்சியும் அதே அட்டவணையில் வேலையாகவே எழுதப்பட்டிருக்கும்.

இந்தியா இந்தத் தொழிலுக்குள் வந்தது சோவியத் வாசல் வழியாக. நட்பு நாடுகளின் வீரர்களைத் தன் நிலையங்களுக்கு அழைத்துச் செல்லும் இன்டர்காஸ்மாஸ் திட்டத்தில் இந்தியாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ நிறுவனத்தில் நடந்த தேர்வுகளின் முடிவில் ராகேஷ் ஷர்மா, ரவீஷ் மல்ஹோத்ரா என்ற இரு சோதனை விமானிகள் தேர்வாகி 1982-இல் மாஸ்கோ அருகேயுள்ள நட்சத்திர நகரத்துக்குப் போனார்கள். பாடம், கையேடு, கருவிப் பலகை எல்லாம் ரஷ்ய மொழியில். முதலில் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. ஷர்மா பறப்பது, மல்ஹோத்ரா மாற்றாளாக இருப்பது என்று முடிவானது.

1984 ஏப்ரல் 3 அன்று பைகனூரிலிருந்து சோயுஸ் டி-11 கிளம்பியது. தளபதி யூரி மாலிஷேவ். கலப் பொறியாளர் கென்னாதி ஸ்த்ரெகலோவ். முதலில் நியமிக்கப்பட்டிருந்த நிகலாய் ருகாவிஷ்னிகோவ் உடல்நலக் குறைவால் விலகியதால் ஸ்த்ரெகலோவ் வந்து சேர்ந்தார். அவருடைய முந்தைய அனுபவம் இந்தத் தொழிலின் இயல்பைப் புரியவைக்கும். 1983 செப்டம்பர் 26 இரவு, இதே பைகனூரில், விளாதிமிர் டிட்டோவும் அவரும் கலத்தில் அமர்ந்திருக்கும்போதே ராக்கெட்டின் அடியில் தீப்பிடித்தது. வெடிப்பதற்குச் சில விநாடிகள் முன்பு தப்பிக்கும் ராக்கெட் அவர்களுடைய கலத்தைப் பிய்த்துத் தூக்கிச் சென்றது. சுமார் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருவரும் உயிரோடு இறங்கினார்கள். ஆறே மாதத்தில் அவர் மீண்டும் அதே வகை ராக்கெட்டில், இந்த முறை இந்தியர் ஒருவரோடு, ஏறி உட்கார்ந்தார்.

சோயுஸ் போய்ச் சேர்ந்த சல்யூத் 7 நிலையத்தில் அப்போது லியோனிட் கிசிம், விளாதிமிர் சலவியோவ், ஒலெக் அத்கோவ் என்ற மூவர் தங்கியிருந்தார்கள். முதலாமவர் விமானி, இரண்டாமவர் பொறியாளர், மூன்றாமவர் இதய மருத்துவர். விமானி, பொறியாளர், மருத்துவர் என்று தேறிய குழு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. விருந்தாளிகளாகப் போன மூவரும் சேர்ந்ததும் நிலையத்தில் ஆறு பேர். ஷர்மா விமானி என்றாலும் அவருக்கு அங்கே வேலை ஆய்வாளர் வேலைதான். எம்.கே.எஃப்.-6எம் என்ற பன்னிற ஒளிப்படக் கருவியாலும் கேட்-140 கருவியாலும் இந்திய நிலப்பரப்பைப் படமெடுத்தார். வெள்ளியும் ஜெர்மேனியமும் சேர்ந்த உலோகக் கலவையை உருக்கி, எடையின்மையில் அது உறையும் விதத்தைச் சோதித்தார். இதயத்தின் செயல்பாட்டை அளக்கும் சோதனைகளுக்குத் தன் உடலையே கொடுத்தார். தசைகளின் சோர்வை யோகாசனம் குறைக்குமா என்று பார்க்கும் பயிற்சிகளையும் செய்தார். பொதுமக்கள் நினைவில் நின்றது இந்திரா காந்தியுடனான தொலைக்காட்சி உரையாடல் ஒன்றுதான். வேலையின் பெரும்பகுதி உலையும் ஒளிப்படச் சுருளும் உடலில் ஒட்டிய மின்முனைகளுமாகக் கழிந்தது. 7 நாள் 21 மணி 40 நிமிடம் கழித்து, ஏப்ரல் 11 அன்று அவர் தரையிறங்கினார்.

அவர் தங்கிய சல்யூத் 7 மறு ஆண்டு பிப்ரவரியில் மின்சாரம் இழந்து செத்துப்போனது. 1985 ஜூனில் விளாதிமிர் ஜானிபெகோவ் கலத்தைக் கையாலேயே ஓட்டி, சுழன்றுகொண்டிருந்த நிலையத்தோடு இணைத்தார். உள்ளே தண்ணீர் உறைந்து, சுவரெல்லாம் பனி படிந்திருந்தது. அவருடன் போன பொறியாளர் விக்தர் சவினிக், மின்கலங்களைச் சூரியத் தகடுகளோடு நேரடியாக இணைத்து நிலையத்துக்கு உயிர் கொடுத்தார். விண்வெளிப் பொறியியலின் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான பழுதுபார்ப்பைக் காட்டுவது கடினம். ஒருவர் இல்லாமல் மற்றவரால் அதைச் செய்திருக்க முடியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்தியப் பொறியாளர்களுக்கும் அதே காலத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. இன்று பலருக்கும் அது நினைவில் இல்லை. 1983 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் இன்சாட்-1பி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அடுத்ததான இன்சாட்-1சியும் விண்ணோடத்தில் போவதாக இருந்தது. அதோடு இந்தியர் ஒருவரும் பயன்சுமை வல்லுநராகப் போகலாம் என்று ஏற்பாடானது. 1985-இல் இஸ்ரோ தன் பொறியாளர்களிலிருந்து பி. ராதாகிருஷ்ணன், என்.சி. பட் என்ற இருவரைத் தேர்ந்தெடுத்தது. ராதாகிருஷ்ணன் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்திலும், பட் பெங்களூர் செயற்கைக்கோள் மையத்திலும் பணியாற்றியவர்கள். இருவரில் ஒருவர் 1986 செப்டம்பரில் பறக்க வேண்டியது. அவ்வாண்டு ஜனவரி 28 அன்று சாலஞ்சர் புறப்பட்ட 73 விநாடியில் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விண்ணோடத்தில் வணிகச் செயற்கைக்கோள் ஏற்றும் வழக்கமே நின்றது. இன்சாட்-1சி 1988-இல் ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டில், ஆளில்லாமல் போனது. அதோடு இந்தியப் பொறியாளருக்கான இருக்கையும் போனது.

இந்தியாவில் படித்து அமெரிக்கா போனவர்களுக்குத்தான் பிறகு அந்த வேலை வாய்த்தது. கர்னாலில் பிறந்து, சண்டிகரில் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் 1982-இல் விமானப் பொறியியல் முடித்த கல்பனா சாவ்லா, 1997-லும் 2003-லும் கொலம்பியா விண்ணோடத்தில் பறந்தார். இரண்டாவது பயணம் முழுக்க முழுக்க ஆராய்ச்சிக்கானது. குழு இரண்டு ஷிஃப்டாகப் பிரிந்து இருபத்து நான்கு மணி நேரமும் ஏறத்தாழ எண்பது சோதனைகளை நடத்தியது. பதினாறு நாள் உழைப்பு முடிந்து திரும்பும்போது, பிப்ரவரி 1 அன்று, கொலம்பியா சிதறி எழுவரும் இறந்தார்கள்.

இஸ்ரோவோ ஆளில்லாமலே எடையின்மை ஆராய்ச்சியில் கை பழகிக்கொண்டது. 2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி.-சி7 ஏற்றிச் சென்ற எஸ்.ஆர்.இ.-1 என்ற சிறு கலத்தில் உலோகத்தை உருக்கும் உலை ஒன்றும், உயிரியலைப் பின்பற்றும் பொருள் தயாரிப்புச் சோதனை ஒன்றும் இருந்தன. பன்னிரண்டு நாள் கழித்து அது வங்கக் கடலில் இறங்கி மீட்கப்பட்டது. சூடேறும் கலத்தைப் பத்திரமாகக் கீழே கொண்டுவரும் வித்தை கைவந்ததுதான் இதில் பெரிய லாபம். மனிதரை அனுப்ப வேண்டுமானால் முதலில் தெரிந்திருக்க வேண்டியது அதுவே.

கலத்தோடு ஆளும் வேண்டும். சென்னை அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு முதலில் விமானி வழியாக வந்தது. ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகக் கிழக்கே போனால் தாம்பரம். அங்குள்ள விமானப்படைத் தளத்தில் பறத்தல் பயிற்றுநர் பள்ளி இயங்குகிறது. 1948-இல் அம்பாலாவில் தொடங்கி 1954-இல் தாம்பரத்துக்கு வந்த பள்ளி அது. விமானப்படை மட்டுமன்றி, தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை, நட்பு நாடுகளின் விமானிகளும் இங்கே ஆசிரியராகப் பயிற்சி பெறுகிறார்கள். ஏற்கெனவே நன்றாகப் பறக்கத் தெரிந்தவருக்கு இங்கே கற்றுத்தருவது பேசிக்கொண்டே பறப்பதை. கை செய்வதை வாய் அதே கணத்தில், குறையாமல் மிகாமல் சொல்ல வேண்டும். விமானிகள் இதைப் ‘பேட்டர்’ என்பார்கள். விண்வெளி நிலையத்தில், தரையிலிருக்கும் விஞ்ஞானிக்குத் தான் செய்யும் ஒவ்வொரு அசைவையும் சொல்லிக்கொண்டே சோதனை நடத்துபவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறில்லை. இந்தியா தன் சொந்தக் கலத்தில் மனிதரை அனுப்பத் தீட்டிய ககன்யான் திட்டத்தின் வீரர்களில் மூத்தவரான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் தாம்பரம் பள்ளியில் படித்தவர். ‘ஏ’ தரப் பயிற்றுநர். குன்னூர் அருகே வெலிங்டனிலுள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியிலும் அவர் படித்திருக்கிறார். அதே கல்லூரியில் படித்த அஜித் கிருஷ்ணன் 1982-இல் சென்னையில் பிறந்தவர். தமிழ்நாட்டில் பிறந்து இந்திய விண்வெளிப் பயணத்துக்குத் தேர்வான முதல் வீரர் அவரே. ராகேஷ் ஷர்மாவும் ஓய்வுக்குப்பின் குன்னூரில்தான் குடியேறினார்.

ககன்யான் திட்டம் 2018 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து அறிவிக்கப்பட்டது. அப்போது இஸ்ரோவின் தலைவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த கே. சிவன். விமானப்படையின் சோதனை விமானிகளிலிருந்து நால்வர் தேர்வானார்கள். 2020 பிப்ரவரியில் அவர்களும் ரஷ்யாவின் அதே நட்சத்திர நகரத்துக்குப் போய், கொரோனாக் காலத்தின் தடங்கல்களுக்கிடையே 2021 மார்ச்சில் பயிற்சியை முடித்தார்கள். பிரசாந்த் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா என்ற நான்கு பெயர்களும் 2024 பிப்ரவரி 27 அன்றுதான் திருவனந்தபுரத்தில் வெளியிடப்பட்டன.

தமிழ்நாட்டின் பங்கு பெரிதும் தரையில்தான். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள உந்துவிசை வளாகத்தில்தான் ககன்யானைத் தூக்கிச் செல்லும் எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் திரவ எந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. செயற்கைக்கோளை ஏற்றிய எந்திரத்தில் மனிதரையும் ஏற்றலாம் என்று சான்று தர, அதை வழக்கமான எல்லைகளுக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்: அழுத்தம் கூடினால் என்ன, எரிபொருள் விகிதம் மாறினால் என்ன, குறித்த நேரத்தைத் தாண்டி எரித்தால் என்ன என்று. மேல்கட்டத்தின் சி.இ.-20 கிரையோஜெனிக் எந்திரத்துக்கு இந்தச் சான்று 2024 பிப்ரவரியில் கிடைத்தது. நான்கு எந்திரங்களை 39 முறை, மொத்தம் 8,810 விநாடி எரித்துப் பார்த்தார்கள். விதிப்படி தேவைப்பட்டது 6,350 விநாடி மட்டுமே. நான்கே நான்கு பொருளை இரண்டரை மணி நேரம் எரிக்க ஆண்டுக்கணக்கில் உழைப்பது மோட்டார் தொழிற்சாலைக் கணக்குக்கு ஒத்துவராது. விண்வெளித் தொழிலின் கணக்கே வேறு.

ஸ்த்ரெகலோவின் உயிரைக் காத்த ஏற்பாட்டை இந்தியாவும் சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டியிருந்தது. 2018 ஜூலை 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளத்திலிருந்தே தப்பிக்கும் சோதனை நடந்தது. 2023 அக்டோபர் 21 அன்று அடுத்தது: பறந்துகொண்டிருக்கும் ராக்கெட்டிலிருந்து, ஒலியைவிட வேகமாகப் போகும் நிலையில், சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் கலத்தைப் பிரித்தெடுக்கும் சோதனை. முதல் முயற்சி கடைசி ஐந்து விநாடியில் நின்றது. காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்து அன்றே பத்து மணிக்கு ஏவினார்கள். பாராசூட்டுகள் சரியாக விரிந்தன. கலம் கடலில் இறங்கியதும் தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்தது. உள்ளே ஆள் இருந்திருந்தால் அந்த நிலை ஆபத்தானது. நிமிர்த்தும் ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்பதை அந்தச் சோதனை காட்டியது. கடற்படை கலத்தை மீட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. 2014 டிசம்பரில் அந்தமான் அருகே இறங்கிய முந்தைய மாதிரிக் கலமும் எண்ணூர் வழியாகத்தான் கரை சேர்ந்தது.

இந்தியரின் அடுத்த பயணம் சொந்த ராக்கெட்டில் நடக்கவில்லை. 2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கான ஆக்சியம்-4 பயணத்தின் விமானியாக ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பினார். மாற்றாள் பிரசாந்த் நாயர். தேதி பலமுறை தள்ளிப்போனது. ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் கட்டத்தில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தபோது, அங்கே போயிருந்த இஸ்ரோ குழு அதை முழுமையாகச் சரிசெய்து சோதித்த பிறகே ஏவ வேண்டும் என்று வற்புறுத்தியது. குழுவின் தலைவர் வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், கிரையோஜெனிக் எந்திரங்களில் வாழ்நாளைச் செலவிட்டவர். பயணத்துக்கு இந்தியா செலவிட்டது சுமார் 550 கோடி ரூபாய். அதில் கிடைத்த அனுபவங்களில், அடுத்தவர் ராக்கெட்டைக் கூர்ந்து பார்த்துக் கேள்வி கேட்ட அந்தச் சில நாட்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விமானி என்பது சுக்லாவின் பதவிப் பெயர். அவர் ஏறிச்சென்ற டிராகன் கலம் நிலையத்தோடு தானாகவே இணையும். அவர் கண்காணித்தால் போதும். நிலையத்தில் கழிந்த பதினெட்டு நாளும் ஆய்வக வேலைதான். இந்திய நிறுவனங்கள் ஏழு சோதனைகளைக் கொடுத்தனுப்பின. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம் நீர்க்கரடி என்னும் நுண்விலங்குகள் எடையின்மையில் பிழைப்பதையும் பெருகுவதையும் பார்க்கக் கேட்டது. மின்னணுத் திரைகளை உற்றுப் பார்ப்பது கண்ணையும் கவனத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்றும் கேட்டது. உண்ணத்தகுந்த நுண்பாசிகள், யூரியாவில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள், கேரளத்தின் பயிர் விதைகள் எல்லாம் உடன் போயின. தசைச் செல் சோதனைக்கு அவர் கையுறைப் பெட்டிக்குள் கை நுழைத்து வேலை செய்தார். தார்வாட் நிறுவனங்களின் வெந்தயமும் பாசிப்பயறும் வட்டுகளில் முளைவிட்டன. முளைத்ததைப் படமெடுத்து உறைபெட்டியில் வைத்தார். ஜூலை 15 அன்று குழு பசிபிக் கடலில் இறங்கியது.

ஏழு சோதனைகளுக்கும் மனிதக் கை கட்டாயம் தேவைப்பட்டதா என்று கேட்டால், தேவைப்படவில்லை என்பதே நேர்மையான விடை. ஆறு மாதம் முன்புதான், 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி60 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் வைத்த மூடிய பெட்டிக்குள் எட்டுத் தட்டைப்பயறு விதைகள் ஆளில்லாமலே நான்கு நாளில் முளைத்து, பிறகு இலையும் விட்டன. விதை முளைக்க வைக்கப் பெட்டி போதும். செல்லைக் கையாள்வதற்கும், எதிர்பாராத கோளாறைச் சரிசெய்வதற்கும், தன் உடலையே சோதனைப் பொருளாக்குவதற்கும்தான் ஆள் வேண்டும். அடுத்த முறை சோதனைகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கோட்டைக் கறாராகப் போட வேண்டும். சுற்றுப்பாதையில் ஒரு மனித மணி நேரத்தின் விலை அப்படி.

தொழில் வட்டாரம் இப்போதுதான் தன் பங்குக்கு வருகிறது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தப் பகுதி காரும் கண்ணாடியும் கைப்பேசியும் செய்து பழகியது. 2006-இல் வந்த நோக்கியா 2014-இல் மூடிப்போனது; ஒரகடத்தில் நிசானும் பாரத் பென்ஸும் ராயல் என்ஃபீல்டும் வேர் பிடித்தன. வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவின் வான்வெளிப் பூங்கா அமைந்தது. ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் மையமும் அங்கேயே திட்டமிடப்பட்டது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அமைச்சரவை விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது: ஐந்து ஆண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, குறைந்தது 10,000 வேலைகள் என்பது இலக்கு. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்த எந்திரத்தோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவிக் காட்டியிருந்தது.

ஆனால் கார் செய்யும் ஊர் என்பதற்காக விண்கலப் பாகம் தானாக வந்துவிடாது. இந்த வட்டாரத்தின் பலம் ஒரே பொருளை லட்சக்கணக்கில், நிமிடத்துக்கு இத்தனை என்று செய்வது. மனிதர் ஏறும் கலத்துக்குப் பத்துப் பொருள் போதும். ஆனால் ஒவ்வொன்றின் உலோகம் எந்த உலையிலிருந்து வந்தது, எந்தக் கை முடுக்கியது, எத்தனை முறை சோதிக்கப்பட்டது என்ற வரலாறு தாளில் இருக்க வேண்டும். அந்த ஒழுக்கத்தின் அரிச்சுவடி கார்த் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது. முடுக்கிய ஒவ்வொரு மறையின் விசையையும் பதிவுசெய்யும் பழக்கம் இங்கே புதிதல்ல. குறைவாகச் செய்து அதிகமாகச் சோதிக்கும் பொறுமையும், முதல் வருமானம் வரும்வரை காத்திருக்கும் முதலீடும்தான் புதிதாக வர வேண்டியவை.

இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியை 2028-லும் முழு நிலையத்தை 2035-லும் மேலே கொண்டுபோவது அரசின் திட்டம். நிலையம் ஓடத் தொடங்கினால் பழுதும் வரும். அப்போது மேலே இருக்க வேண்டியவர் எந்திரத்தைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர். முதல் நால்வரை விமானப்படையிலிருந்து எடுத்தது சரி. புதிய கலத்தை முதலில் சோதனை விமானிதான் ஓட்ட வேண்டும். நிலையத்துக்குப் போகும் குழுவில் பொறியாளருக்கும் மருத்துவருக்கும் ஆய்வாளருக்கும் இருக்கை ஒதுக்க வேண்டும். ஒருவரைப் பழக்கவே பல ஆண்டு பிடிக்கும் என்பதால், 2035-க்கான அந்தத் தேர்வை இந்தப் பத்தாண்டுக்குள்ளேயே நடத்தியாக வேண்டும்.